நலமானவருக்கு இரண்டு குழிகள்

ஃப்ரீசரை அடிக்கடி திறந்து மூடுவது எனக்குப் பிடிக்காது. நேற்று உங்கள் போலீஸ் ஆட்கள் எங்கள் ஆய்வகத்துக்குச் சோதனைக்கு வந்தபோது, ஒருவர் அதன் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டே டீ சொல்லியாயிற்றா என்று இன்னொருவரிடம் விசாரித்துக்கொண்டிருந்தார். உள்ளே இருப்பதெல்லாம் மனிதர்களின் இரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த தெளிந்த நீர், சீரம். உருகினால் உருகியதுதான். கோபமில்லை, தெரிந்திருக்கட்டும் என்று சொல்கிறேன். என்னைக் கேட்டிருந்தால் எது எங்கே என்று நானே எடுத்துக் கொடுத்திருப்பேன். மறைக்கும் பழக்கம் எனக்கு இல்லை.

முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள். எங்கள் துறையில் பெரிய தகராறே எது முதல் என்பதுதான்.

நான் செய்வது செப்சிஸ் பற்றிய ஆய்வு. உடம்பில் கிருமி நுழைகிறது. அதைப் பிடிக்க வேண்டிய காவல் அணுக்கள், திருடன் வந்துவிட்டான் என்று பதறி வீட்டையே கொளுத்திவிடுகின்றன. அந்த நெருப்புக்கு அழற்சி என்று பெயர். அது பற்றும்போது இரத்தத்தில் சில பொருட்கள் கூடும். அவற்றை அளப்பது என் வேலை. சிக்கல் என்னவென்றால், நோயாளி மருத்துவமனைக்கு வந்து சேரும்போது பாதி வீடு எரிந்து முடிந்திருக்கும். எங்கள் பேராசிரியை, அவரை மேடம் என்றுதான் சொல்வோம், ஒவ்வொரு கூட்டத்திலும் பெருமூச்சு விடுவார்.

"எல்லாரும் மலை உச்சியைத்தான் படம் எடுக்கறாங்க. அடிவாரத்த ஒருத்தரும் பாக்கல."

நலமாக இருந்த ஒருவர் நோயில் விழத் தொடங்கும் நேரம், மருந்து எதுவும் குறுக்கே வராமல். அதுதான் அடிவாரம். மேடம் பெருமூச்சுதான் விட்டார், யாரையும் எதுவும் செய்யச் சொல்லவில்லை. அவரை இதில் இழுக்காதீர்கள்.

அளப்பதற்கு உள்ளங்கை அளவில் ஒரு பிளாஸ்டிக் தட்டு உண்டு. அதில் வரிசை வரிசையாகச் சின்னக் குழிகள். ஒவ்வொரு மாதிரியையும் இரண்டு குழிகளில் ஊற்ற வேண்டும். ஒன்று சொதப்பினால் மற்றது சாட்சி. எங்களிடம் யாருக்கும் ஒற்றைக் குழி கிடையாது என்பது புதிதாகச் சேருபவர்களுக்கு நாங்கள் சொல்லும் ஜோக். அழற்சி கூடக் கூடக் குழியில் மஞ்சள் நிறம் ஏறும். தட்டின் விலை அதிகம், ஒருமுறைதான் ஓட்ட முடியும். அதனால் ஆய்வகத்தில் எழுதப்படாத சட்டம் ஒன்று இருக்கிறது: குழி நிறையாமல் தட்டை ஓட்டாதே. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த வழக்கே அதில்தான் நிற்கிறது.

அத்தான், அதாவது என் அக்காவின் கணவர், ஃப்ரிட்ஜ் மெக்கானிக். நான் அவர்கள் வீட்டில்தான் தங்கியிருந்தேன். கூடத்து சோபா என் படுக்கை. ஆய்வகத்து ஃப்ரீசர் ஒருமுறை படுத்துக்கொண்டபோது அத்தான்தான் வந்து மோட்டாரை மாற்றினார். அன்றிலிருந்து அது ஓடத் தொடங்கும்போதெல்லாம் ஒருமுறை இருமும்.

"இருமும் மாப்ள, ஆனா சாகாது," என்றார்.

ஒப்பிட்டுப் பார்க்க எங்களுக்கு நோயில்லாதவர்களின் இரத்தமும் வேண்டும். அவர்களை 'நலமானவர்' என்று குறிப்போம். அத்தானிடம் கேட்டேன். சட்டையை மடித்துக் கையை நீட்டினார். குழாயில் நான் ஒட்டிய சீட்டைப் படித்ததும் அக்காவைக் கூப்பிட்டார்.

"இங்க வா. எப்பப் பாத்தாலும் தொப்பை, கொழுப்புனு சொல்வியே. என்ன எழுதியிருக்கு பாரு. நலமானவர்."

"அவனுக்குக் கண்ணாடி மாத்தணும்," என்றாள் அக்கா.

"எனக்கு எத்தன குழி மாப்ள?"

"ரெண்டு அத்தான்."

"ரெண்டு எதுக்கு? ஒண்ண உங்க அக்காவுக்குக் குடுத்துடு."

"வாயில நல்ல வார்த்தையே வராது," என்று அக்கா உள்ளே போய்விட்டாள்.

சில வாரங்கள் கழித்து ஃப்ரீசரின் பின்பக்கத் தகடு ஆடுகிறது என்று சொன்னேன். பார்க்க வந்தார். தகட்டின் விளிம்பு உள்ளங்கையைக் கிழித்துவிட்டது. நானே கழுவிக் கட்டுப்போட்டேன், ஒழுங்காகவே போட்டேன். காயம் நான் செய்ததல்ல. கிருமியையும் நான் அழைக்கவில்லை. இதை எழுதிக்கொள்ளுங்கள்.

இரண்டொரு நாளில் கை வீங்கியது. மணிக்கட்டைத் தாண்டிச் சிவப்புக் கோடு ஒன்று ஏறியது. காய்ச்சல். பார்த்தவுடனே எனக்குத் தெரிந்துவிட்டது. அடிவாரம் என் சோபாவில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தது.

அக்கா ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றாள்.

"வீட்டுல டாக்டர வச்சுக்கிட்டு வெளிய எதுக்கு?" என்றார் அத்தான்.

நான் வைத்தியம் பார்க்கும் டாக்டர் இல்லை என்பது அவருக்கும் தெரியும். ஆய்வு முடிந்தால் பெயருக்கு முன்னால் அந்தச் சொல் வரும், அது அவருக்குப் போதும். நான் மருந்துக்கடைக்குப் போனேன். மாத்திரை வாங்கிவந்தேன். வேளை தவறாமல் என் கையாலேயே கொடுத்தேன், தண்ணீரும் கொடுத்தேன். இதற்கு அக்காவே சாட்சி.

காலையிலும் மாலையிலும் இரத்தம் எடுத்தேன். அக்கா எனக்குச் சாப்பாடு கட்டிக்கொடுக்கும் பையில், டப்பாவுக்குப் பக்கத்தில் பனிக்கட்டி வைத்துக் குழாயை எடுத்துப்போவேன். ஒவ்வொரு முறை ஊசியை உருவும்போதும் அத்தான் கேட்பார்.

"என் மார்க் வந்துச்சா மாப்ள?"

"தட்டு நிறையட்டும் அத்தான்."

எண் இல்லாமல் நான் எதையும் நம்புவதில்லை. படிப்பு கொடுத்த நல்ல பழக்கம் அது. எண் வேண்டுமென்றால் தட்டை ஓட்ட வேண்டும். ஓட்ட வேண்டுமென்றால் அது நிறைய வேண்டும். நிறைய வேண்டுமென்றால் அத்தான் இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். யாராவது ஒருவர் ஒரே ஓர் எண்ணை என் கண்முன் நீட்டியிருந்தால் அன்றைக்கே நிறுத்தியிருப்பேன். யாரும் நீட்டவில்லை.

அவருடைய விரல்கள் சில்லிட்டன. உட்கார்ந்த இடத்திலேயே மாடி ஏறி வந்தவர் போல மூச்சு வாங்கினார்.

"டேய், கை ஐஸ் மாதிரி இருக்குடா. இது சாதாரணக் காய்ச்சலா?" அக்கா என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டுக் கேட்டாள்.

"மருந்து வேல செய்ய நேரம் எடுக்கும்க்கா. நாளைக்குப் பாப்போம்."

"நேத்தும் நாளைக்குனுதான் சொன்ன."

"நான் இதத்தானேக்கா படிக்கிறேன்."

அவள் கஞ்சியை எடுத்துக்கொண்டு அவரிடம் போனாள். நான் சொன்னதில் பொய் இல்லை.

மறுநாள் காலை அத்தான் அக்காவையே பார்த்து, "கதவ மூடுங்க சார், குளிர் வெளிய போகுது," என்றார். அப்போதுதான் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

அங்கிருந்த டாக்டர், ஏதாவது மருந்து சாப்பிட்டாரா என்று கேட்டார்.

"தம்பி முதல் நாளே குடுத்துட்டான் டாக்டர். இந்தப் படிப்புதான் படிக்கிறான். ஒரு வேள விடல," என்றாள் அக்கா. அவள் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

"முதல் நாளே போட்டும் கேக்கலையா? அப்ப இது வழக்கமான மருந்துக்கு அடங்காத கிருமி," என்று அவர் வேறொரு மருந்துக்கு ஆள் அனுப்பினார். அது வேறு கட்டடத்திலிருந்து வர வேண்டியிருந்தது, வரும்வரை காத்திருந்தோம். வந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசக் கூடாது.

இங்கே ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். மாத்திரை கொடுத்தேன் என்றுதான் உங்களிடம் சொன்னேன். என்ன மாத்திரை என்று நீங்களும் கேட்கவில்லை, அக்காவும் கேட்கவில்லை, அத்தானும் கேட்கவில்லை. அவை சத்து மாத்திரைகள். கிருமியைக் கொல்லும் மாத்திரையும் அதே கடையில் அதே நேரத்தில் வாங்கினேன். அதை என் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன், தூங்கும்போதுகூட. அடுத்த குழாயை எடுத்ததும் கொடுத்துவிட வேண்டும் என்றுதான் ஒவ்வொரு தடவையும் நினைத்தேன். உங்கள் மேசைமேல் அந்த உறையில் இருக்கிறதே, அதுதான். ஒன்றுகூடப் பிரிக்கவில்லை.

அத்தான் அடுத்த நாள் காலை இறந்தார்.

எல்லாக் காரியங்களும் முடிந்தபின் ஆய்வகத்துக்குப் போனேன். குழாய்களை எடுத்துக்கொண்டு ஃப்ரீசரைச் சாத்தினேன். அது இருமியது. நான் அப்படியே நின்றேன். மார்க் வந்துச்சா என்று அது கேட்டதாகச் சொன்னால் எனக்குப் புத்தி சரியில்லை என்று எழுதிவிடுவீர்கள். அதனால் சொல்லவில்லை. "நிறையப்போகுது அத்தான்" என்று மட்டும் சொன்னேன், மரியாதைக்கு.

தட்டை ஓட்டினேன். முதல் குழிகளில் அத்தானின் பழைய இரத்தம், நலமானவர், தண்ணீர் போல. அடுத்தவற்றில் லேசான மஞ்சள். பிறகு கொஞ்சம் கூட. கடைசியில் கண் கூசும் மஞ்சள். அப்படி ஓர் ஏற்றத்தை நான் எந்தக் கட்டுரையிலும் பார்த்ததில்லை.

எண்களைக் கோடாக வரைந்து அந்தப் படத்தை மேடத்திடம் காட்டினேன். நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். மற்ற நோயாளிகளின் கோடுகள் எல்லாம் ஏறி, மருந்து தொட்ட இடத்தில் வளையும். மேடம் அத்தானின் கோட்டின்மேல் விரலை வைத்துக்கொண்டே போனார். வளைவைத் தேடினார். விரல் தாளின் விளிம்புக்கு வந்துவிட்டது.

"இவருக்கு மருந்து எப்ப ஆரம்பிச்சாங்க?"

"இந்தக் கோடு முடியற வரைக்கும் ஆரம்பிக்கல மேடம். அடிவாரம்."

"நல்லா இருந்தப்ப எடுத்த மாதிரியும் இருக்கு. யாருப்பா இது?"

"எங்க அத்தான் மேடம்."

"அவர் இப்ப எப்படி இருக்கார்?"

நான் பதிலை யோசித்துக்கொண்டிருந்தபோதே அவர் எழுந்து வெளியே போய், கதவைச் சாத்திக்கொண்டு, உங்களுக்குப் போன் செய்தார். வருத்தமில்லை. பல வருடங்களாகக் கேட்டதைக் கொண்டுபோய்க் கொடுத்தேன், ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

உங்கள் நடைபாதையில் தண்ணீர் குளிரவைக்கும் இயந்திரம் ஒன்று இருக்கிறது. அதுவும் இருமுகிறது. மார்க் எவ்வளவு என்று அதனிடம் சொல்லிவிட்டேன். திரும்பத் திரும்பக் கேட்கிறது. நானும் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். நான் பேசுவது தொந்தரவாக இருக்கிறது என்று வாசலில் நிற்பவர் உங்களிடம் புகார் சொன்னாராமே, இதுதான் விஷயம். மெக்கானிக் யாரையாவது கூப்பிட்டுக் காட்டுங்கள். எனக்குத் தெரிந்த ஆள் இப்போது இல்லை.

அக்கா என்னைப் பார்க்க வரவில்லை. வந்தால் விளக்கிவிடுவேன். அத்தானைக் கிருமி கொல்லவில்லை, நானும் கொல்லவில்லை. அவருடைய காவல் அணுக்களே அவரைக் கொளுத்தின. பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது.

கடைசியாக ஒன்று. அத்தானின் குழாய்கள் எல்லாம் ஊற்றியும் தட்டில் இரண்டு குழிகள் மிஞ்சின. சட்டம் உங்களுக்கு நினைவிருக்கும். அதற்கு ஆஸ்பத்திரியிலேயே ஏற்பாடு செய்திருந்தேன். அக்கா வார்டு வாசலில் தரையில் உட்கார்ந்து, முதல் நாளே குடுத்துட்டானே, முதல் நாளே குடுத்துட்டானே என்று அழுதுகொண்டிருந்தாள். அது காதில் விழும் தூரத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து என் இரத்தத்தை நானே எடுத்தேன். முதல் குத்திலேயே நரம்பு கிடைத்தது. நான் தப்பு செய்திருந்தால் உள்ளே எங்காவது பற்றியிருக்கும், மஞ்சள் தட்டியிருக்கும். போய்ப் பாருங்கள், கடைசி வரிசை, இரண்டு குழிகளும் தண்ணீர் மாதிரி இருக்கின்றன. சீட்டில் என்ன எழுதுவது என்று எனக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. நலமானவர்.