எழுதியிருக்கிறபடி

— வர மாட்டேன்னு நான் சொல்லலியே பச்சையம்மா. சத்தியம் பண்ண மாட்டேன்னுதான் சொல்லுதேன்.

— ரெண்டும் ஒண்ணுதான் அண்ணாச்சி. நாளைக்கு பத்தர மணிக்கு கோர்ட்ல வேதமாணிக்கம்னு உங்க பேரத்தான் கூப்டுவாங்கோ. கடவுள் சாட்சியான்னு சொல்லச் சொல்வாங்கோ. நீங்க வாய மூடிகினு நின்னா, ஒண்ணர வருசத்துக்கு முன்ன செத்துப்போன எங்க ஆளு குணசேகரன் குடிச்சிட்டு டிரெய்லர் சக்கரத்தாண்ட படுத்துகினான்னு அந்த டிரைவர் சொன்ன பேச்சே நெலச்சிடும்.

— எழுதியிருக்கு, என்ன செய்யச் சொல்லுத? வானத்து மேலயும் சத்தியம் வேண்டாம், பூமி மேலயும் வேண்டாம், உன் தலை மேலயும் வேண்டாம். உள்ளதை உள்ளதுன்னு சொல்லு, இல்லாததை இல்லன்னு சொல்லு, அதுக்கு மேல பேசாதன்னு ஆண்டவரே சொல்லியிருக்காரு. சபையில எனக்குத் திடப்படுத்தல் நடந்த நாள்லேர்ந்து நாப்பத்தஞ்சு வருசமா நான் ஒருத்தர்கிட்டயும் சத்தியம் பண்ணினதில்ல. கல்மண்டபத்துல எந்தக் கடையில வேணா கேளு.

— நான் எதுக்கு கேக்கணும்? பதினோரு வருசம் உங்க கடையில மூட்ட தூக்குனவன் பொண்டாட்டி. எனக்குத் தெரியாதா? வக்கீலம்மா ரூபினாவ கேட்டுகினுதான் வந்துகீறேன். சாமி பேர சொல்லாம, உண்மைய சொல்றேன்னு உறுதி குடுத்தா போதுமாம். சட்டத்துலயே எடம் கீதாம்.

— உறுதின்னா என்ன? சத்தியத்துக்கு வேற சட்டை மாட்டிவிட்டது. அதுவும் உள்ளதுக்கு மேல ஒரு பேச்சுதான்.

— மொதல்ல அந்தப் பருப்பு மூட்டைய வுடுங்க. வந்ததுலேர்ந்து அத்தையே இந்தாண்டயும் அந்தாண்டயும் நவுத்திகினு கீறீங்க. ஒரு எடத்துல நில்லுங்க அண்ணாச்சி, தல சுத்துது.

— ஞாயித்துக்கெழம கடை பூட்டி வச்சிருக்கேன். ஷட்டரைப் பாதி தூக்கி உன்னை உள்ள விட்டதே பெருசு. ஓய்வுநாள்ல இப்படி வழக்குப் பேச எனக்கு இஷ்டமில்ல.

— ஓய்வுநாள்ல மூட்ட மட்டும் நவுத்தலாமா?

— சரி, கீழ வச்சிட்டேன். சொல்லு.

— எம் பையன் நிலவன் எட்டாவது படிக்கிறான். போன வாரம் கிளாஸ்ல ஒருத்தன் மூக்க ஒடச்சிட்டு வந்து நிக்கிறான். இன்னாடா பேஜாருன்னு கேட்டா, அவன் என்னிய குடிகாரன் புள்ளன்னாம்மா, அப்டின்றான். வியாசர்பாடி பூரா அப்படித்தான் பேசிகினு கீது. எனக்கு வேற ஒண்ணும் வேணாம் அண்ணாச்சி. எங்க ஆளு குடிக்கல, நின்னுகினு இருந்தாருன்னு அந்தக் காயிதத்துல ஏறணும். அவ்ளோதான்.

— நின்னுக்கிட்டுத்தான் இருந்தான். தன் மூணு சக்கர மீன்பாடி வண்டியில சரக்கு ஏத்திட்டுக் கயிறு கட்டிக்கிட்டு இருந்தான். டிரெய்லர்காரன் க்ளீனர் இல்லாம பின்னால எடுத்தான். நான் இந்தக் கல்லாவுலேர்ந்து பாத்தேன்.

— இத்தத்தான! இத்த அப்படியே அங்க வந்து சொல்லுங்களேன்!

— சொல்லுததுக்கு முன்னால அவன் சத்தியம் கேப்பானே.

— டபாய்க்கிறீங்க. மெய்யாலுமே டபாய்க்கிறீங்க. புளியந்தோப்பு புத்தர் விகாரையில எங்க ஆளு பஞ்சசீலம் எடுத்துகினாரு, பொண்ணுக்கு ரமாபாய்னு பேரு வெச்ச அன்னிக்கு. போதைய தொட மாட்டேன்னு சொன்னாரு, தொடல. ஒம்போது வருசம். இருமல் மருந்து கூட மோந்து பாத்துட்டுத்தான் குடிப்பாரு. அந்த ஆளுக்கா இந்தப் பேரு?

— அவன் நல்லவன். நான் இல்லங்கலியே. எழுத்துல உள்ளபடி வாழ்ந்தவன்னா அவன்தான். எனக்கு அவனை அதனாலயே பிடிக்கும்.

— அப்போ உங்க எயுத்தையே காட்டுறேன். இந்தாங்க, படிங்க. சீட்டு வெச்ச எடத்துல.

— என்ன இது? வேதாகமம் உனக்கு ஏது?

— மிஷன் ஸ்கூல்ல ஏழாங்கிளாஸ் வரிக்கும் படிச்சவதான் நானும். படிங்க. வாய் வுட்டுப் படிங்க.

— லேவியராகமம்… அஞ்சாம் அதிகாரம்…

— நானே சொல்றேன். ஒருத்தன் கண்ணால பாத்த சாட்சியா இருந்துகினு, தெரிஞ்சத சொல்லாம வுட்டா, அந்தப் பாவத்த அவனே சொமக்கணும். எயுதி கீதா இல்லியா?

— இருக்கு. ஆனா பச்சையம்மா, இது பழைய நியாயப்பிரமாணம். அந்தக் காலத்து இஸ்ரவேல் ஜனத்துக்குக் குடுத்தது. இதுல பன்னி திங்காத, ரெண்டு நூல் கலந்த துணி உடுத்தாதன்னு எல்லாம் இருக்கும். அதையெல்லாம் இப்ப அப்படியே எடுத்துக்கக் கூடாது. யாருக்குச் சொன்னது, எந்தக் காலத்துல சொன்னதுன்னு பாத்துத்தான்…

— அட! அப்போ காலம் பாக்கலாமா?

— நான் அப்படிச் சொல்ல வரல.

— இப்பதான் சொன்னீங்க. சத்தியத்துக்கு மட்டும் எயுத்துக்கு எயுத்து, சாட்சிக்கு மட்டும் காலம் மாறிப் பூடுச்சா? இன்னா நாயம் அண்ணாச்சி இது?

— இரு. இந்த அட்டையில ஒட்டியிருக்க பூப்போட்ட துணி… இது ரெஜினாவோட வேதம்லா? ரெஜினா! ஏட்டி ரெஜினா! இங்க வா!

— வந்துட்டேன், கத்தாதிய. டீ கொண்டாரேன்லா? ஆமா, என் வேதம்தான். சீட்டு வச்சதும் நான்தான். எடுத்துக்க பச்சையம்மா, சூடா இருக்கு.

— அக்காவ திட்டாதீங்க அண்ணாச்சி. நான்தான் கெஞ்சிக் கேட்டேன்.

— எம் பொண்டாட்டியே எனக்கு எதிரா வசனம் தேடிக் குடுக்காளா?

— வேற என்ன செய்யச் சொல்லுதிய ஷிஜி அப்பா? ஒன்றரை வருசமா உங்களுக்குத் தூக்கமில்ல. சம்மன் வந்த நாள்லேர்ந்து சோறும் இறங்கல. கேட்டா எழுதியிருக்கு, எழுதியிருக்குன்னு ஒரே பேச்சு. பரிசுத்த முத்தம் குடுத்து ஒருத்தரை ஒருத்தர் வாழ்த்துங்கன்னு கூடத்தான் பவுல் எழுதியிருக்காரு. ராயபுரத்து சபையில எந்த ஞாயித்துக்கெழம யாருக்கு முத்தம் குடுத்திய?

— கேலி பேசாத.

— கேலி இல்ல. சபையில பொம்பள பேசக் கூடாதுன்னு அதே பவுல் எழுதினதை மட்டும் விடாம பிடிச்சுக்கிட்டு, பெண்கள் ஐக்கியத்துல என்னை ஒரு ஜெபம் பண்ண விட்டியளா? ஏதோ ஒரு ஊருல அன்னைக்கு இருந்த சண்டைக்கு எழுதின காகிதம்னு நான் சொன்னா, எழுத்தை மாத்தாத ரெஜினான்னு வாயடைச்சிய. இப்ப நீங்க மட்டும் மாத்துதிய.

— ஒண்ணை விட்டா எல்லாம் போயிரும், ரெஜினா. உனக்குப் புரியாது. இதுக்கு இந்த அர்த்தம், அதுக்கு அந்த அர்த்தம்னு போனா, கடைசியில எனக்கு எது வசதியோ அதுதான் வேதம்னு ஆயிரும். நான் பயந்தவன். எழுத்தைப் பிடிச்சுக்கிட்டுத்தான் இத்தனை வருசம் நேரா நடந்தேன். ரெண்டு சட்டை இருக்கவன் இல்லாதவனுக்கு ஒண்ணைக் குடுக்கணும்னு எழுதியிருக்கு. குடுத்தேனா இல்லியா? பச்சையம்மாவே சொல்லட்டும்.

— குடுத்தாரு. அத்த நான் மறக்கல. வருசா வருசம் கிறிஸ்துமசுக்கு தாம் போட்ட சட்டையில நல்லதா ஒண்ணு எடுத்துக் குடுப்பாரு. அன்னிக்கு எங்க ஆளு போட்டுகினு இருந்ததும் உங்க சட்டைதான் அண்ணாச்சி.

— தெரியும்.

— இதோ, கொண்டாந்துகீறேன் பாருங்க. ஆஸ்பத்திரில கத்திரிக்கோலால கிழிச்சி கய்ட்டி, கவர்ல போட்டு குடுத்தாங்கோ. அன்னிக்கு ஒருவாட்டி பாத்ததோட சரி, அப்பறம் முடிச்சே அவுக்கல நானு. நாளைக்கு வக்கீலம்மா கையில குடுக்கலாம்னு…

— அதை எதுக்குக் கடைக்குள்ள கொண்டுவந்த? பிரிக்காத. வேண்டாம் பச்சையம்மா, பிரிக்காதன்னு சொல்லுதேன்லா!

— இன்னாத்துக்கு இப்படி அலறுறீங்க? உங்க சட்டதான?

— அக்காட்ட குடு பச்சையம்மா, நான் பாக்கேன். பாவம்… எண்ணெய்க் கறையால்லா இருக்கு முழுக்க.

— ஆமாக்கா. லாரி ஆயில்னுதான் நானும் மொதல்ல நெனச்சேன். மோந்து பாத்தா நல்லெண்ண வாட அடிச்சிது. சரி, எண்ண டின்னு தூக்கும்போது சிந்திகினு இருப்பாருன்னு வுட்டுட்டேன்.

— ரத்தம் காஞ்சா கருத்துல்லா போகும்? இந்தப் பக்கம் ஊதாவா கிடக்கே. இரு… கிராம்பு வாசம் வருது.

— ரெஜினா, மூடி வை அதை.

— கிராம்பு வாசமேதான். ஷிஜி அப்பா, நான் சபைத் திருவிருந்துக்குத் திராட்சையைப் புளிக்க வச்சு ரசம் போடும்போது ரெண்டு கிராம்பு தட்டிப் போடுவேன். குருவானவர் கூட, உங்க ரசம்னா வாசத்துலயே தெரியும்மான்னு சொல்லுவாரு. குணசேகரன் அடிபட்ட அன்னைக்கு சனிக்கெழம. சபைக்குக் குடுத்துவிடச் சொல்லி பாட்டிலை உங்க கல்லாகிட்ட வச்சிட்டுப் போனேன். சாயங்காலம் கேட்டா, தவறி விழுந்து உடைஞ்சு போச்சுன்னிய. மறுநாள் திருவிருந்துக்கு ரசம் பத்தாம சர்பத் கலந்தாங்க. தரையில ஒரு கண்ணாடித் துண்டு கூட நான் பாக்கலியேன்னு அப்பவே நினைச்சேன். சொல்லுங்க. அந்தப் பாட்டில் உடையலதான?

— இன்னாக்கா சொல்ற நீ? எனக்கு ஒண்ணும் பிரியல. அண்ணாச்சி, இன்னா இது? அந்தாண்ட பாக்காத. என்னியப் பாத்து சொல்லு!

— ரோடு பூரா டிரெய்லர் வரிசையா நின்னுது. ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டா டோல்கேட்டைத் தாண்ட முடியலன்னாங்க. முக்கால் மணி நேரம். அவன் தொடை கிழிஞ்சு கிடந்தது. தலையை என் மடியில வச்சிருந்தேன். வேற ஒருத்தரும் கிட்ட வரல. வீடியோ எடுத்தானுவ. எனக்கு டாக்டர் வேலையா தெரியும்? எனக்குத் தெரிஞ்சது ஒண்ணே ஒண்ணுதான். ஆண்டவர் சொன்ன கதையில, வழியில அடிபட்டுக் கிடந்தவனைப் பாத்து அந்தச் சமாரியன் என்ன பண்ணினான்?

— ஐயோ, ஷிஜி அப்பா…

— காயத்துல எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் கட்டினான். எழுதியிருக்கு. ஞாயித்துப் பள்ளியில நானே பிள்ளைகளுக்கு நடிச்சுக் காட்டியிருக்கேன். டின்னுல நல்லெண்ணெய் இருந்தது. கல்லாகிட்ட உன் பாட்டில் இருந்தது. கை எட்டுத தூரம். ஆண்டவரே எடுத்து வச்ச மாதிரி இருந்தது எனக்கு. ரெண்டையும் சட்டை நனையுத அளவுக்கு ஊத்தி, வேட்டியைக் கிழிச்சுக் கட்டினேன். ஒரு எழுத்து குறையாம அப்படியே பண்ணினேன். பிழைச்சிருவான்னு நம்பினேன், ரெஜினா. சத்தியமா நம்பினேன்.

— அப்போ… போலீஸ்காரரு குனிஞ்சி மோந்து பாத்தாரே. சாராய வாட அடிக்குதுன்னு எயுதினாரே. அந்த வாட…

— நான் ஊத்தினது.

— நீயா?

— குடிச்சிருக்கானான்னு அவர் என்கிட்டதான் கேட்டாரு. உள்ளதை உள்ளதுன்னு சொல்லுதவன்னு ஊரெல்லாம் பேரு வாங்கினவன், அன்னைக்கு வாயைத் தொறக்கல. கடையில ரசம் ஏதுன்னு கேப்பானோ, நீ ஊத்தினதாலதான் செத்தான்னு சொல்லுவானோன்னு பயம். அப்புறம் வெக்கம். ஒரு நாள் பேசாம இருந்துட்டேன், மறுநாள் பேச முடியல. சத்தியம் கூடாதுங்கதுதான் எனக்கு மறைஞ்சு நிக்க ஒரு சுவரா கிடைச்சுது, தாயி. வேதத்தை வச்சே மறைஞ்சுக்கிட்டேன்.

— ஒண்ணர வருசம். எம் புள்ள பள்ளிக்கூடத்துல பேச்சு வாங்கிகினு வரான். நீ இங்க குந்திகினு பருப்பு நிறுத்துகினு இருந்த.

— ஆமா.

— எண்ணையும் ரசமும். இந்தக் காலத்துல! பக்கத்துல மெடிக்கல் ஷாப் கீது, பத்தடி தூரத்துல!

— எனக்கு அது தோணவே இல்ல.

— அண்ணாச்சி. ஒண்ணு கேக்குறேன். பொய் சொல்லாத. புண்ணுல ஊத்தின, சரி. அவுரு வாயில? வாயிலயும் ஊத்தினியா? ஒம்போது வருசமா தொடாதவரு வாயில…

— ஊத்தப் போனேன். தாகம், தண்ணின்னு முனகினான். அவசரத்துல கையில இருந்த பாட்டிலையே உதட்டுகிட்ட கொண்டுபோனேன். மோந்து பாத்தான், தாயி. அந்த வலியிலயும் பல்லைக் கடிச்சுக்கிட்டு, வேணாம் அண்ணாச்சின்னு தலையை அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டான். ஒரு சொட்டு உள்ள போகல. நாளைக்குப் பத்தரைக்கு எந்தச் சாமி பேரைச் சொல்லி என்னைச் சத்தியம் பண்ணச் சொன்னாலும் பண்ணிட்டு, இதைச் சொல்லுதேன்.