வெளித் தாழ்ப்பாள்

—திறடி. கடைசியாச் சொல்றேன், கதவைத் திற.

—திறக்கிறேங்க. அடிக்க மாட்டேன்னு மட்டும் ஒரு வார்த்தை சொல்லுங்க, உடனே திறந்துடறேன்.

—என் வீட்டு பாத்ரூம்ல என்னையே வச்சுப் பூட்டிட்டு, எனக்கே கண்டிஷன் போடுறியா நீ?

—ஐயோ, நான் பூட்டலைங்க. சத்தியமா நான் இல்ல. நீங்க கை கழுவ உள்ள போனீங்க, பாப்பா தாழ்ப்பாளைத் தள்ளிட்டா. சின்னப் பிள்ளைதானே, தெரியாம…

—தெரிஞ்சுதாம்மா தள்ளினேன்.

—நீ சும்மா இரு பாப்பா!

—ஆறு வயசுக் கழுதைக்கு என்ன நெஞ்சழுத்தம் பாரு! ஏய், நான் வெளிய வந்ததும் முதல்ல உன் கையைத்தான் முறிப்பேன். எந்தக் கையால தள்ளினியோ அந்தக் கை. புரியுதா?

—ரெண்டு கையாலயும் தள்ளினேன்பா. ரொம்ப இறுக்கமா இருந்துச்சு.

—கேட்டியாடி? கேட்டியா நீ வளர்த்த லட்சணத்தை?

—அவளை விடுங்க. என்கிட்ட பேசுங்க. கதவை இடிக்காதீங்க, தோள் போயிடும்.

—இடிச்சா என்னடி, என் கதவு! இந்த ஊர்ல எத்தனை வீட்டுக்குக் கதவு மாட்டியிருக்கேன், எவனாவது ஒருத்தன் ஆடுதுன்னு சொன்னானா? உள்பக்கம் திறக்கிற கதவு, இடிச்சா ஃப்ரேம்லதான் போய் முட்டும். அசையாது. அப்படி மாட்டினவன் நான்.

—தெரியுங்க. நல்லாத்தான் மாட்டியிருக்கீங்க.

—நக்கலா?

—நக்கல் இல்லைங்க. எனக்கு எங்கங்க நக்கல் வரும் இந்த வாயை வச்சுக்கிட்டு.

—லைட்டைப் போடு முதல்ல. இருட்டுல ஒண்ணும் தெரியல.

—லைட் கிடையாதுப்பா.

—என்னது?

—ரூல் அதுதானே. தப்புப் பண்ணினவங்க உள்ள இருக்கணும், லைட் அணைச்சிருக்கணும், தரையில உக்காந்திருக்கணும். ஸ்விட்ச் வெளிய இருக்கிறதே அதுக்குத்தான்னு நீதானே சொன்ன. அப்படித்தானே?

—உன்னை…

—அப்புறம் ‘நான் கெட்ட பிள்ளை, இனிமே பண்ண மாட்டேன்’னு மூணு தடவை சொல்லணும். அழாம சொல்லணும். அழுதா மறுபடி முதல்லருந்து.

—ஏய், அவளை அந்தப் பக்கம் இழுத்துட்டுப் போடி! இல்ல, வெளிய வந்ததும் ரெண்டு பேரையும் சேர்த்து இதே தொட்டியில முக்கிக் கொன்னுடுவேன்!

—கத்தாதீங்க, சின்னவன் குட்டி பயப்படுறான்.

—பயப்படட்டும். அந்த நாயாலதானே எல்லாம். என் ரசமட்டத்தைத் தூக்கிக் கீழ போட்டு உடைச்சிருக்கான். அது என்ன விளையாட்டுச் சாமானா? எட்டு வருஷமா கையில வச்சிருக்கேன். அதுல இருக்கிற குமிழி ஒரு நூல் தள்ளினா மாட்டுற கதவே கோணும். உனக்கென்ன தெரியும், துணி மடிக்கிறவளுக்கு.

—ரெண்டு வயசுப் பிள்ளைக்கு ரசமட்டம் எது, ரயில் வண்டி எதுன்னு தெரியுமாங்க? கூகூன்னு ஓட்டிட்டிருந்தான். அதுக்கு ஒத்தைக் கையைப் பிடிச்சு அப்படியே அந்தரத்துல தூக்குவீங்களா? தோள் கழண்டிருந்தா?

—நீ குறுக்க வந்தே. வாங்கினே.

—வாங்கினேன். அதே ரசமட்டத்தாலதான் வாங்கினேன். மூக்குல ஒண்ணு, வாயில ஒண்ணு. விழுந்தப்புறம் முதுகுல எத்தனைன்னு தெரியல.

—உன் குரல் ஏண்டி இப்படிக் கேக்குது? குடத்துக்குள்ள தலையை விட்டுப் பேசுற மாதிரி.

—மூக்கு வீங்கியிருக்குங்க. உள்ள ரத்தம் கட்டியிருக்கு.

—வீங்கட்டும். அது என்ன சத்தம், உர்ர்ருனு?

—வாஷிங் மெஷின். உங்க சட்டையைப் போட்டிருக்கேன். ரத்தக் கறை, சூடு பட்டா பிடிச்சுக்கும். உடனே பச்சத் தண்ணியில போடணும்.

—ம். அதுல மட்டும் உனக்குப் புத்தி இருக்கு.

—லாண்டரியில கத்துக்கிட்டது. ஆஸ்பத்திரி பெட்ஷீட் எத்தனை பார்க்குறேன். ஆனா நம்ம மெஷின் ரிப்பேரானப்ப துணியை அங்க கொண்டுபோனேன்ல, எங்க மேஸ்திரி அம்மா கேட்டாங்க, ‘உன் வீட்டுத் துணியில ஏம்மா ஆஸ்பத்திரித் துணியைவிட ரத்தம் ஜாஸ்தியா இருக்கு?’ன்னு.

—என்ன சொன்னே?

—மூல வியாதின்னு சொன்னேன். உங்களுக்கு.

—அடி…! வெளிய வரட்டும், உன்னை உயிரோட வச்சுத் தோலை உரிக்கிறேன்!

—ஐயோ! என்னங்க உடைச்சீங்க? என்ன சத்தம் அது?

—கண்ணாடி. நீ நின்னு தலை சீவுற கண்ணாடி. பெரிய துண்டா ஒண்ணு கையில வச்சிருக்கேன். உன் மூஞ்சிக்குன்னே அளவெடுத்து வெட்டின மாதிரி இருக்கு. புரியுதா? அடுத்த தடவை மேஸ்திரி அம்மா கேட்டா வாயைத் திறந்து சொல்லவே முடியாது உன்னால.

—அம்மா, கண்ணாடியை உடைச்சா ரூல்ல என்ன?

—பேசாத பாப்பா. கையைக் கீறிக்காதீங்க. கீழ போட்டுடுங்க.

—என் கையைப் பத்திக் கவலைப்படுறா பாரு! பத்தினி! பக்கத்து வீட்டுக்காரனைக் கூப்பிடலாம்னு நினைச்சியா? கூப்பிடு. என்ன பாஷையில கூப்பிடுவே? இந்த நாட்டுக்கு வந்து இத்தனை வருஷத்துல ‘தண்ணி எங்க, பஸ் எங்க’வைத் தாண்டி உனக்கு ஒரு வார்த்தை தெரியாது. எவன் வருவான் உனக்கு?

—யாரும் வர மாட்டாங்கன்னு தெரியும்.

—ஊருக்குப் போன் போடுவியா? உங்க அண்ணன் என்ன சொன்னான் போன தடவை? ‘அனுசரிச்சுப் போ, ரெண்டு பிள்ளை ஆயிடுச்சு’ன்னான். என் காசுல வீடு கட்டினவன் வேற என்ன சொல்லுவான்?

—அதேதான் சொன்னான்.

—அப்புறம் என் போனைத் தொட்டியா?

—வச்ச இடத்துலதாங்க இருக்கு.

—தொடக்கூடாது. வாசப்படியைத் தாண்டலாம்னும் நினைக்காத. செருப்பு அத்தனையும் என் இரும்புப் பெட்டியில கிடக்கு, சாவி என் இடுப்புல கிடக்கு. இந்தக் குளிர்ல வெறுங்காலோட எங்க போவே?

—எங்கயும் போகலைங்க. எங்க போவேன்?

—பச்ச! பச்ச! போ போ!

—குட்டி என்ன கத்துறான்?

—கிரேயான். கலர் சொல்லிட்டிருக்கான்.

—தெருவுல எவனோ ஹார்ன் அடிக்கிறான். ஜன்னலைச் சாத்து.

—சாத்துறேன்.

—திறக்கப் போறியா இல்லையா நீ?

—திறக்கிறேங்க. தாழ்ப்பாள்ல கை வச்சா விரல் வளைய மாட்டேங்குது. போன மாசம் அலமாரிக் கதவுல வச்சு நசுக்கினீங்களே, அதே விரல்.

—இன்னொரு கையால திற.

—அம்மா, நீ திறக்காத.

—பாப்பா…

—நேத்து நான் உள்ள இருந்தப்ப நீ திறக்கலையே. ‘அம்மா, அம்மா’ன்னு எவ்வளவு கத்தினேன். நீ வெளிய உக்காந்து அழுதுட்டுதானே இருந்த? கதவுக்குக் கீழ உன் விரல் தெரிஞ்சுது. நான் அந்த விரலைப் பிடிச்சுக்கிட்டே தூங்கிட்டேன். எனக்குத் திறக்காம அப்பாவுக்கு மட்டும் திறப்பியா?

—…திறக்க மாட்டேன்டா.

—என்னடி சொன்னே?

—ஒண்ணும் இல்லைங்க. பாப்பாவைச் சமாதானம் பண்றேன்.

—…

—என்னங்க?

—…

—அப்பா ஏம்மா இப்ப இடிக்க மாட்டேங்குறாரு?

—தெரியல. என்னங்க? கேக்குதா?

—கேக்குது, கேக்குது. உக்காந்திருக்கேன். தரையில. அதானே பாப்பா ரூலு?

—ஆமாம்பா. காலை நீட்டக்கூடாது.

—நீட்டல செல்லம். அப்பா மடக்கித்தான் உக்காந்திருக்கேன். கோவம் எல்லாம் போயிடுச்சு. நீ என்கூடப் பேசிட்டே இரு, சரியா? அந்தத் தொட்டில் ஞாபகம் இருக்கா, குட்டி பிறந்தப்ப நான் செஞ்சது?

—கதவுத் துண்டுல செஞ்சது.

—ஆமா. மிச்சமான தேக்குப் பலகையில. நீதானே உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சே. அப்பா கெட்டவன்னா அப்படித் தொட்டில் செய்வானா, சொல்லு?

—தொட்டில் செஞ்ச அன்னிக்கும் அம்மாவை அடிச்சியே. அளவு தப்பாச் சொன்னாங்கன்னு.

—…அதை விடு. வேற பேசு. ஏதாவது சத்தமா பாடு.

—என்னங்க அது, டிக் டிக்குனு?

—குழாய் ஒழுகுது.

—நான் மூடிட்டுத்தானே வந்தேன்.

—வாஷர் போயிருக்கும், மாத்தணும். நீ இங்க வாடி, கதவுகிட்ட. நெருங்கி உக்காரு. மனசு விட்டுப் பேசி எவ்வளவு நாளாச்சு.

—உக்காந்திருக்கேங்க.

—கதவுல சாஞ்சு?

—கதவுல சாஞ்சுதான்.

—பிள்ளைங்க?

—ரெண்டும் மடியில.

—அப்படியே இரு. அசையாத. உன் மேல எனக்கு எவ்வளவு பிரியம் தெரியுமா? கட்டிட்டு வந்த புதுசுல, கதவு தூக்க ஆள் வரலைன்னா நீதானே மறுமுனையைப் பிடிப்பே. ‘வலது பக்கம் ஏத்துங்க, இன்னும் கொஞ்சம் ஏத்துங்க’ன்னு. கீலுக்குள்ள ஆணியை நீதானே போடுவே.

—நான்தான் போடுவேன்.

—இந்தக் கதவுக்கும் நீதான் போட்டே. மூணு கீலு, மூணு ஆணி.

—ஆமா. உள்பக்கமா நின்னு போட்டேன். ஞாபகம் இருக்கு.

—அப்பா, நீ இன்னும் மூணு தடவை சொல்லல.

—சொல்றேன் செல்லம். நான் கெட்ட பிள்ளை, இனிமே பண்ண மாட்டேன்.

—ஒண்ணு.

—நான்… கெட்ட பிள்ளை… இனிமே பண்ண மாட்டேன்.

—ரெண்டு. ஏன்பா மூச்சு வாங்குற?

—நான் கெட்ட பிள்ளை. இனிமே… ஹா! வந்துடுச்சுடி! மூணாவதும் வந்துடுச்சு!

—என்ன வந்துச்சு?

—கீல் ஆணி! மாட்டினவனுக்குக் கழட்டத் தெரியாதாடி, முட்டாள் முண்டை? ஸ்க்ரூ டிரைவர் எப்பவும் என் பேன்ட் பையில கிடக்கும்னு மறந்துட்டியா? தாழ்ப்பாளை நீயே வச்சுக்கோ, கதவே இப்ப என் கையில. சாஞ்சுதானே உக்காந்திருக்கே? பிள்ளைங்க மடியிலதானே? இருங்க, வரேன்!

—வேண்டாங்க! பிள்ளைங்க முன்னாடி வேண்டாம்!

—பிள்ளைங்க முன்னாடிதாண்டி! பார்த்துக் கத்துக்கட்டும்! இந்தா, கதவு போச்சு… எங்க? எங்கடி ஓடினே? கிச்சன்லயா?

—…

—என்னடி இது, மெஷின் சும்மா கிடக்கு! சட்டை அப்படியே ரத்தத்தோட தரையில கிடக்கு! கட்டிலுக்கு அடியில போய் ஒளிஞ்சா விட்டுடுவேனா? காலைப் பிடிச்சு இழுத்து… இங்கயும் இல்ல. ஏய்! எங்கடி இருக்கே?

—இங்கதாங்க.

—சத்தம் பின்னாடி பாத்ரூம் பக்கம்ல வருது! யாருமே இல்லையேடி அங்க!

—கையில இருக்கிற கண்ணாடியைக் கீழ போட்டுட்டு, பாத்ரூம் கதவு ஓரமாப் பாருங்க. நீங்க வேலைக்கு எடுத்துட்டுப் போற எவர்சில்வர் டம்ளர் இருக்கும். அதுக்குள்ள போனைப் போட்டுத்தானே பாட்டுக் கேப்பீங்க, கணீர்னு கேக்குதுன்னு.

—…என் போன்.

—உங்க போன்தான். வச்ச இடத்துலதான் இருக்கு, நான்தான் வச்சேன். மேஸ்திரி அம்மா எனக்கு ரகசியமாக் கொடுத்த போன்லருந்து கூப்பிட்டு, உங்க போனை எடுத்து ஸ்பீக்கர்ல போட்டு வச்சிட்டு வந்தேன். இது எங்க லாண்டரி வேன். பாப்பா தாழ்ப்பாளைத் தள்ளினதுமே போன் பண்ணினேன், மேஸ்திரி அம்மா அனுப்பினாங்க. மூல வியாதின்னு அவங்க நம்பவே இல்ல. குட்டி பச்சன்னு கத்துனது சிக்னலைப் பார்த்து.

—நீ… இவ்வளவு நேரமா…

—நாங்க போயிட்டோம்னு தெரிஞ்சிருந்தா ரெண்டு தட்டுல ஆணியைக் கழட்டிட்டு, வேன் கிளம்புறதுக்குள்ள தெருவுக்கு வந்திருப்பீங்க. நாங்க வெளிய சாஞ்சு உக்காந்திருக்கோம்னு நினைச்சதாலதான் சத்தம் வராம, பொறுமையா, ஒவ்வொண்ணாக் கழட்டினீங்க. என்னைக் கொல்ல அவ்வளவு பொறுமை. அந்த நேரம் எங்களுக்குப் போதுமா இருந்துச்சுங்க.

—செருப்பு… செருப்பெல்லாம் என் பெட்டியிலதானே இருக்கு!

—அம்மா வெறுங்காலு. நான் உன் பூட்ஸ் போட்டிருக்கேன். ரொம்பப் பெருசுப்பா, ஆனா ஓட வருது.

—பாப்பா, போதும்டா. வச்சிடலாம்.

—இரும்மா, ஒண்ணே ஒண்ணு. அப்பா, இப்ப நீ வெளிய இருக்கல்ல? ஸ்விட்ச் உன் பக்கத்துலதான் இருக்கு. இனிமே லைட் போட்டுக்கோ. உள்ள யாரும் இல்ல.