தகடு வைத்து அடைத்த குழாய்

உச்சி வேளை. அல் ஐன் ரோட்டிலிருந்து உள்ளே பிரியும் மண்பாதை. கண்ணுக்கு எட்டிய வரை ஒரு வண்டி இல்லை, ஒரு ஆள் இல்லை. விழுவதற்கு நிழல்கூட இல்லை...

"பேய்க் கதைன்னுட்டு மத்தியானத்துல ஆரம்பிக்கிற?" என்றான் வைரவன். "அங்க பேய்க்கும் டே டூட்டியா?"

ஒருவன் சிரித்தான். மற்றவர்களுக்குச் சிரிக்கவும் தெம்பில்லை. எங்கள் லேபர் கேம்ப்பின் ஜெனரேட்டர் டீசல் தீர்ந்து நின்றிருந்தது. ஏசி ஓடாத அறையில் யாராலும் தூங்க முடியாது. கதவை விரியத் திறந்து போட்டு, ஈரத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, ஒரு மொபைல் வெளிச்சத்தைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். நைட் டூட்டியை நான் எப்போதோ விட்டுவிட்டேன். போன தூக்கம் மட்டும் இன்னும் திரும்பவில்லை. அதனால் இந்த மாதிரி நேரத்தில் பேச்சு என்னிடம்தான் வந்து நிற்கும்.

இது பெபினின் அக்காள் புருஷனுக்கு நடந்தது. பெயர் பத்திநாதன். பெபின் அதோ சுவரோரம் படுத்திருக்கிறான், பொய் என்றால் அவனே சொல்லட்டும் என்றேன். பெபின் அசையவில்லை.

இந்த ஜூன் மாதம். கட்டட சைட்டுகளில் ஒவ்வொன்றாக வேலை நின்றுகொண்டிருந்த சமயம். மண் தோண்டும் எக்ஸ்கவேட்டர்கள் எல்லாம் வேலையில்லாமல், அந்த மண்பாதைக் கடைசியில் இருக்கும் மீரா சாகிப்பின் யார்டில் வந்து குவிந்தன. மஞ்சள் வண்டிகள், கையை மடக்கி, வாளியை மண்ணில் ஊன்றி, வரிசையாக. பழைய வண்டியைப் பழுது பார்த்து விற்பது அவர் தொழில். பழுது பார்ப்பது பத்திநாதன்.

அதில் ஒரு ஜப்பான் வண்டி. எஞ்சின் ஓடும், வேகம் ஏறாது. கேபின் திரையில் ஒரு எச்சரிக்கை எண். அந்த வண்டிகளில், புகையில் கொஞ்சத்தைத் திரும்ப எஞ்சினுக்கே அனுப்ப ஒரு குழாய் உண்டு. வெளியே போகும் நச்சு குறைய வேண்டும் என்று வைத்தது. அங்கே காற்றின் அழுத்தத்தைப் பார்க்கும் சென்சார் கோளாறு என்றது அந்த எண். சென்சார் தாறுமாறாகச் சொன்னால் கம்ப்யூட்டர் எஞ்சினை அடக்கிவிடும். அவ்வளவுதான். தினமும் பார்க்கிற வேலை.

சாயங்காலம் அந்த வண்டியை வாங்க ஓமான்காரர் ஒருவர் டிரெய்லரோடு வருகிறார். மீரா சாகிப் காலையிலேயே சொல்லிவிட்டார்.

"பத்தி, இந்த வண்டி இன்னக்கி டிரெய்லர்ல ஏறுச்சுண்டா, ஒம் பாஸ்போர்ட்ட வாங்கிட்டு ராத்திரியே ஊருக்குப் போ. ஏறலண்டா லீவு கீவுண்டு எங்கிட்ட வராத."

பத்திநாதனின் மனைவி தங்கபுஷ்பத்துக்கு மாதம் நிறைந்திருந்தது. முதல் பிள்ளை வயிற்றிலேயே இறந்தது. அன்றைக்கு அவன் இங்கே ஒரு புல்டோசருக்கு அடியில் பழுது பார்த்துக் கிடந்தான். அடக்கம் முடிந்த பிறகுதான் போன் வந்தது. இந்த முறை அவள் அழவில்லை. "வருவியளா, மாட்டியளா? அத மட்டும் சொல்லுங்க" என்றாள். வருகிறேன் என்று சொல்லியிருந்தான்.

வெயில் காலத்தில் மத்தியானம் வெளியே வேலை செய்யக் கூடாது என்று சட்டம். யார்டில் எல்லோரும் கொட்டகைக்குள் உறங்கினார்கள். பத்திநாதன் மட்டும் வண்டியில் ஏறினான். கைப்பிடி சுட்டது. துணி சுற்றிப் பிடித்தான்.

சாவியைப் பாதி திருப்பினான். திரை எரிந்தது. எஞ்சினை ஓட்டவில்லை. ஓடாத எஞ்சினில் காற்று அசையாது. அழுத்தம் ஒரே எண்ணில் நிற்க வேண்டும்.

எண் ஏறியது... நின்றது... மெல்ல இறங்கியது. மறுபடி ஏறியது.

பத்திநாதன் சென்சார் வயரின் கனெக்டரைக் கழற்றி மணலை ஊதிச் சுத்தம் செய்து மாட்டினான். அதே ஏற்றம், அதே இறக்கம். பக்கத்து வண்டியும் அதே மாடல். அதன் சென்சாரைக் கழற்றி இதில் போட்டான், இதனுடையதை அதில் போட்டான். மெக்கானிக் எல்லோரும் செய்வதுதான். கெட்டது சென்சார் என்றால் கோளாறும் கூடவே போய்விடும்.

போகவில்லை. பக்கத்து வண்டியில் எண் கல் மாதிரி நின்றது. இந்த வண்டியில் ஏறியது... நின்றது... இறங்கியது. வயரை முழுக்கத் தடவிப் பார்த்தான், மீட்டர் வைத்தான். வெட்டு இல்லை, உரசல் இல்லை.

அப்படியென்றால் சென்சார் உள்ளதைத்தான் சொல்கிறது.

புகைக் குழாயின் மூட்டைக் கழற்றினான். முதலில் வந்தது வாசனை. கரி வாசனை இல்லை, டீசல் இல்லை. ஈர மண். ஆழத்தில் தோண்டிய, ஊற்றுத் தண்ணீர் கசிகிற மண். அந்தப் பாலையில், அந்த வெயிலில்... சுற்றிலும் பொடி மணல்தான். குழாய் வாயில் கையை வைத்தான்.

காற்று உள்ளே போனது. நின்றது. வெளியே வந்தது. குளிர்ச்சியாக.

உள்ளங்கையால் வாயை முழுக்க மூடிப் பார்த்தான். கையை அது உறிஞ்சிப் பிடித்தது. பிறகு சின்னச் சின்னதாக, அவசர அவசரமாக... மூழ்குகிறவன் மாதிரி. கையைப் பிடுங்கினான். நீளமாக ஒரு மூச்சு வெளியே வந்தது.

அவனும் கடற்கரைக்காரன்தான். மூச்சு முட்டிச் செத்தவர்களைக் கரையில் பார்த்திருக்கிறான்.

மீரா சாகிப்புக்குப் போன் போட்டான். வண்டி எந்த சைட்டிலிருந்து வந்தது, அங்கே தோண்டிய குழியில் யாராவது மாட்டிக்கொண்டார்களா என்று கேட்டான்.

"எல்லா சைட்டுந்தான் நின்னுபோச்சு. எந்த சைட்டுண்டு தெரிஞ்சு என்னா செய்யப்போற? ப்ளேட்ட வச்சுக் குழாய அட. சென்சாருக்கு டம்மி குடு. ஊரே செய்யிறதுதானே?"

ஊரே செய்வதுதான். ஒரு தகட்டை வெட்டிக் குழாய்க்கு நடுவே வைத்து முடுக்கிவிட்டால் புகை திரும்பாது. சென்சார் இருந்த இடத்தில் ரெண்டு ரெசிஸ்டரைப் பற்றவைத்துவிட்டால், உள்ளே என்ன நடந்தாலும் எல்லாம் சரி என்று ஒரே எண்ணைச் சொல்லிக்கொண்டிருக்கும். கம்ப்யூட்டர் நம்பிவிடும். பத்திநாதன் எத்தனையோ வண்டிகளுக்குச் செய்திருக்கிறான்.

மணியைப் பார்த்தான். பிறகு தகடு வெட்டினான்.

தகட்டை வைத்து போல்ட்டுகளை மாட்டினான். கடைசி போல்ட்டை முடுக்கும்போது உள்ளே சத்தம். இரும்பு இல்லை. நகம்.

டக், டக்... டக்.

ஸ்பானர் நின்றது. அவனுக்குத் தங்கபுஷ்பத்தின் குரல் ஞாபகம் வந்தது. வருவியளா, மாட்டியளா...

டக், டக்... டக்.

மீதித் திருப்பையும் முடுக்கினான். சத்தம் நின்றது.

சாயங்காலம் எஞ்சின் முழு வேகத்தில் முழங்கியது. திரையில் ஒரு எச்சரிக்கையும் இல்லை. ஓமான்காரர் மகிழ்ந்து போனார். டிரெய்லர் மண்பாதையில் திரும்பும்வரை பத்திநாதன் கைகளைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தான்.

பிரசவத்துக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்தான். ஆண் பிள்ளை. பிறந்ததும் அழவில்லை. நர்ஸ் தலைகீழாகப் பிடித்துத் தட்டினாள், உள்ளங்காலைச் சுண்டினாள். தங்கபுஷ்பம் கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு, எல்லோரும் நம்பிக்கையை விட்டுவிட்ட நேரத்தில், பிள்ளை மூச்சு இழுத்தது.

பத்திநாதன் பிள்ளையின் மூக்கருகே கையைக் கொண்டு போனான். உள்ளே போனது... நின்றது... வெளியே வந்தது. குளிர்ச்சியாக.

அதோடு நிறுத்தினேன். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

"அட போப்பா. எல்லாப் பிள்ளையும் அப்படித்தான் மூச்சு விடும்" என்றான் வைரவன். ஆனால் யாரும் சிரிக்கவில்லை. அவனே திரும்பிக் கேட்டான். "ஏய் பெபின், நெசமா? புள்ள இப்ப எப்பிடி இருக்கான்?"

பெபின் எழுந்து உட்கார்ந்தான்.

"நல்லாத்தான் இருக்கான். பால் குடிக்கான், சிரிக்கான். அத்தான்தான் செரியில்ல. திரும்பி வரல்ல பாத்தியா, வரவும் மாட்டாவ. அந்த வீட்டுல ஒரு கதவையும் அடைக்க விடமாட்டாவ. கள்ளன் வந்தா வரட்டும்பாவ. நான் போன மாசம் லீவுக்குப் போயிருந்தம்லா... ஒரு நாளு கடக்காத்து பேயா அடிச்சு. பிள்ளைக்குச் சளி புடிக்குமேன்னு அவன் கெடந்த ரூமு கதவ நாந்தான் சாத்தினேன்."

பெபின் திறந்து கிடந்த கதவைப் பார்த்தான்.

"உள்ள இருந்து தட்டுச்சு. நகத்தால. ரெண்டு... பொறவு ஒண்ணு."

"உள்ள யாரு இருந்தா?"

"பிள்ள மட்டுந்தான். தொறந்து பாத்தேன். தொட்டிலுல நல்ல ஒறக்கம்."

வெளியே டீசல் வந்து சேர்ந்தது போல, ஜெனரேட்டர் இருமி, பிடித்துக்கொண்டது. விளக்கு எரிந்தது. தலைக்கு மேல் ஏசி முனகி ஓடத் தொடங்கியது. கதவைச் சாத்தினால்தான் அறை குளிரும். எல்லோருக்கும் அடுத்த நாள் டூட்டி இருந்தது.

கதவு விடியும்வரை திறந்தே கிடந்தது.