தழும்பு எந்தக் கன்னத்தில்?

— அசையாதே ராசாத்தி! தழும்பு பாதிதான் வந்திருக்கு. நீ பல்லைக் காட்டினா அது காது வரைக்கும் ஓடிடும்.

— எப்படிக்கா அசையாம இருக்கிறது? நான் யாரா நடிக்கிறேனோ அவங்களே இன்னிக்கு நேர்ல வர்றாங்க!

— வரட்டுமே. ஆம்புலன்ஸ் ஓட்டினவங்கதானே, நம்மளக் கடிச்சா தின்னுடப் போறாங்க?

— என்னக்கா நீங்க! சண்டை நேரத்துல நம்ம ஆளு, எதிரி ஆளுன்னு பார்க்காம அடிபட்ட எல்லாரையும் ஏத்தினவங்க. அதுக்காக எதிரிக்குக் கைக்கூலின்னு சொல்லித் தெருவே ஒதுக்கி வச்சுது. ஒரு வாய் தண்ணிகூடக் குடுக்கலையாம். எனக்கு முதல் பெரிய வேஷம்க்கா இது! அவங்க வேண்டாம்னா படமே கிடையாதுன்னு டைரக்டர் சொல்லிட்டாரு.

— அட போம்மா. இந்தா, முடிஞ்சுது. கண்ணாடியைப் பாரு, அதுல ஒட்டியிருக்கிற அவங்க சின்ன வயசுப் போட்டோவைப் பாரு. அச்சு அசல்! யாரும்மா அது, கதவுகிட்ட?

— உள்ள வரலாமா?

— வாங்க வாங்க. கூட்டத்துல நடிக்க வந்தவங்களா? அடக் கொடுமையே, உங்களுக்கு யாரு இதைப் போட்டது? ஹீரோயின் தழும்பைத் தூக்கி உங்களுக்குப் போட்டு வச்சிருக்கான்! அதுவும் வலது கன்னத்துல! உக்காருங்க, ஸ்பிரிட்ல துடைச்சு விடுறேன்.

— துடைச்சா போகாதும்மா.

— அதெல்லாம் போகும். எத்தனை பசையைப் பார்த்திருக்கேன்!

— அக்கா, கையை எடுங்க! ஐயோ, எடுங்கக்கா! இவங்கதான்... அவங்க!

— ஐயய்யோ! மன்னிச்சிடுங்கம்மா! போட்டோவைக் கண்ணாடியில ஒட்டிட்டு, இவ மூஞ்சியையும் கண்ணாடியிலயே பார்த்து வரைஞ்சுட்டேன். பக்கமே மாறிப்போச்சு! புத்தி கெட்டவ நான்!

— விடும்மா. பக்கத்தை மாத்திக்கலாம். ஆனா இது ஏன் வெந்த மாதிரி இருக்கு?

— குண்டு வெடிச்ச தழும்புதானேம்மா? கதையில அப்படித்தான் இருக்கு. நெருப்புக்குள்ள வண்டியை விடுறீங்க! அந்தக் காட்சியை நான் கனவுலகூட நடிச்சுட்டேன்!

— குண்டு இல்ல கண்ணு. கல்லு. எதிர்வீட்டுக்காரி எறிஞ்சா. எதிரியைத் தொட்டவ தெருவுக்குள்ள கால் வைக்கக் கூடாதுன்னு.

— அம்மா! இதை யாருமே எழுதலையே! அப்புறம்?

— அப்புறம் என்ன? என் கன்னத்துல போட்ட கட்டைக்கூடப் பிரிக்கல, அதுக்குள்ள அவ பிள்ளைக்குக் குண்டு பட்டுது. ஓடி வந்து என் கதவைத் தட்டினா.

— போனீங்களா?

— போகாம? வண்டியை எடுத்தேன். பிழைச்சுட்டான்.

— அம்மா, இதுதாம்மா படம்! இதை எடுக்க விடுங்க, உயிரைக் குடுத்து நடிக்கிறேன்! சரின்னு ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா!

— என்னை எதுக்குக் கேக்கிற? எறிஞ்சவளைப் போய்க் கேளு. வெளிய கார்லதான் இருக்கா. என் கையில ஸ்டியரிங் நிக்காமப் போனதுலேருந்து, நான் எங்க போனாலும் அவதான் ஓட்டுறா.