நீலத்துக்குப் பதில் மாணிக்கம்

கம்பளையிலிருந்து கண்டிக்கு வந்த ரயிலில் எனக்கு எதிரே இரண்டு பெண்கள். ஒருவர் விஞ்ஞானம் படிப்பிக்கிற டீச்சர், மற்றவர் லொறி டிரைவரின் மனைவி என்பது பேச்சிலேயே தெரிந்துவிட்டது.

"நீலக்கல்லு ராசிக்கு ஒத்து வருமான்னு மூணு ராத்திரி அவரு தலகாணிக்கடியில வச்சுப் பாத்தோம் டீச்சர். மூணாம் நாளே லொறியில பிரேக் பிடிக்கல. பயந்துபோய் அதைத் திருப்பிக் குடுத்துட்டு மாணிக்க மோதிரம் வாங்கிட்டோம்."

"இதுக்கெல்லாமா பயப்படுவாங்க? நீலமும் மாணிக்கமும் ஒரே கல்லுதான். அலுமினியமும் ஒட்சிசனும் சேந்த சேர்வை. இரும்பும் டைட்டேனியமும் துளி கலந்தா நீலம், குரோமியம் கலந்தா சிவப்பு. அவ்வளவுதான் வித்தியாசம்."

"ரெண்டும் ஒண்ணா?"

"ஒண்ணேதான்."

அந்தப் பெண்ணின் முகம் வெளிறிவிட்டது.

"அப்ப அதே கல்லத்தானே போட்டுக்கிட்டுப் போயிருக்காரு! இந்நேரம் லோடோட கடுகண்ணாவ மலையில எறங்கிக்கிட்டிருப்பாரு."

போனை எடுத்து அழைத்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடியும் அழைத்தார். யாரும் எடுக்கவில்லை.

டீச்சர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பேராதனை தாண்டியதும் மெல்லச் சொன்னார்:

"மோதிரத்தக் கழட்டி வச்சிட்டு ஓட்டச் சொல்லி ஒரு மெசேஜாவது போடுங்களேன்."