சும்மா இருக்குற சத்தம்

அன்னிக்குக் கெட்டுப்போச்சுன்னியே, அந்தச் சத்தத்த அழிச்சிட்டியா இல்லியா? அத மொதல்ல சொல்லு ஜெபகுமாரு, அப்புறமா மைக்க வையி. அழிக்கலியா? அப்பாடா! உக்காருப்பா, டீ குடி. ஊடு எங்கயும் ஓடிடாது.

ஐயே, நான் எங்கப்பா தடுக்கறேன்? படம் புடிக்க ஊட்டயே குடுத்தாச்சு, சத்தத்துக்கு மட்டும் இல்லன்னுவனா? ஆனா உங்க பொழப்புதான் எனக்குப் புரியவே மாட்டேங்குது. அந்தக் கதாநாயகிப் பொண்ணு தோ இந்த ரூம்லதான் உக்காந்து அழுவுச்சு. கேட்டா, கொரலு வேற பொண்ணு குடுக்கும்ன்றீங்க. ஹீரோ நடந்தாரு, ஆனா செருப்புச் சத்தத்துக்கு மெட்ராஸ்ல வேற ஒருத்தர் நடப்பாராம். வெளிய மழ சோன்னு ஊத்துது, அது வாணாமாம், அப்பளம் பொரிக்கிற சத்தந்தான் மழ மாதிரி கேக்குமாம். அப்ப அப்பளத்துக்கு இன்னாப்பா போடுவீங்க, மழயவா?

சோகம் வந்தா வயலினு வாசிப்பீங்க. எங்க ஊட்ல சோகம் வந்தா பக்கத்து ஊட்டுத் தறிதான் டக்கு டக்குனு அடிச்சிக்கினு கெடக்கும். அது பாட்டுக்கு அடிக்கும், நம்ம பாட்டுக்கு அழுவணும்.

அதையெல்லாம் உடு. யாரும் பேசாம சும்மா இருக்குற சத்தத்தையும் புடிக்கணும்னியே, அதான் கூத்து! ஊட்டுக்கு ஊடு அது வேறயாம், அது இல்லாட்டி படத்துல ஊடு செத்துப்போன மாதிரி இருக்குமாம். ஃபேன நிறுத்துன, ஃபிரிட்ஜ நிறுத்துன, தெருவுல ஆட்டோக்காரங்களக் கெஞ்சுன. எங்க ஊட்டுக்காரரக் கூப்ட்டு, வாயத் தொறக்காதீங்கன்னு சொன்ன பாரு, எனக்குச் சிரிப்பு அடக்க முடியல. அத அவருகிட்டப் போயி சொல்லணுமா!

அவரு பேரா? படத்துல நன்றின்னு போடறதுக்கா? போடு, போடு. ஆனா நான் சொல்லக் கூடாதுப்பா. ஆயிரத்துக்கு முன்னாடி மொகத்துல இருக்குற ஒண்ணச் சேத்துக்கோ. மூக்காயிரமா? அடப்பாவி, கொஞ்சம் மேல போ. ஆங், அதேதான்.

பட்டுக் கடையில நாள் பூரா, வாங்கம்மா, உக்காருங்கம்மா, இந்தக் கலரப் பாருங்கம்மான்னு தொண்ட தேயப் பேசுறாரு. ஊட்டுக்கு வந்தா ஒரு வார்த்த மிச்சம் இருக்காது. என்னையக் கூப்புடறதுன்னா இந்தா, உன்னத்தான், அவ்ளோதான். கல்யாணம் ஆனதுலேருந்து அப்பிடித்தான்.

அன்னிக்கு நீ சத்தம் புடிக்கும்போது நான் கொடத்த எடுத்துக்கினு, மூச்சு கூட உடாம பூன மாதிரிதான் பின்கட்டுக்குப் போனேன். ஈரத்துல வழுக்கி, கொடத்தோட டமார்னு உழுந்துட்டேன். அடியெல்லாம் இல்லப்பா, முட்டில லேசா செராய்ப்பு. நீதான் தலையில கைய வச்சிக்கினு உக்காந்துட்ட, பாவம்.

இன்னிக்கு நல்லா புடிச்சிக்கோ, நான் எதிர் ஊட்டுக்குப் போயிடறேன். அந்தக் கெட்டுப்போனத மட்டும் என் செல்லுல ஏத்திக் குடுத்துட்டுப் போ. கொடம் உழுற சத்தத்த வெட்டிடு, அது யாருக்கு வேணும். அதுக்கு அப்புறம் அவரு, காந்தா, ஐயோ காந்தான்னு கத்தறாரு பாரு, அது போதும். எம் பேரு அவருக்குத் தெரியும்னு எனக்கே அன்னிக்குத்தான்ப்பா தெரிஞ்சிது.