ஜோதிகா மேடம்

குந்துமா, பரவால்ல. மீன் கவுச்சி அடிச்சா பஸ் ஜன்னல தொறந்துக்கோ. கய்த்துல மாட்டிகினு கீறியே கார்டு பட்டை, அது அந்த யுனிவர்சிட்டிதுதானே? அங்கதான் என் பொண்ணு ஜோதிகா கீறா. ஆமா, உங்க ஜோதிகா மேடம்தான்.

சேந்தப்ப அவளுக்கு போன் பண்ற வேலை. அங்க படிச்சிட்டு போய் பெரியாளானவங்களுக்கு போன் போட்டு, ஏழைப் புள்ளைங்க படிக்க ஒதவுங்கன்னு கேக்கணும். அய்ய, சொம்மா வேலைன்னு நெனைக்காதே. எப்போ கேக்கணும், எப்போ வாய மூடிக்கணும்னு தெரியணும். இவ கேட்டா யாரும் இல்லன்னு சொல்ல மாட்டாங்கோ. ஆனா அந்த ஆபீசுல பெரிய சீட்டு, தலைவரு சீட்டு, காலியாச்சுன்னா, வெளியேர்ந்து ஒருத்தர இட்டாந்து குந்த வெச்சுடுவாங்கோ. பணக்காரங்களோட சமமா குந்திப் பேச ஒரு தோரணை வோணுமாம்.

விழான்னா மட்டும் இவ வோணும். மீன்காரம்மா பொண்ணு பாருங்கன்னு மேடையில ஏத்துவாங்கோ. ஒருவாட்டி என்னையும் கூப்ட்டாங்கோ. இருக்கறதுலயே நல்ல பட்டுப்பொடவையா கட்டிகினு போனேன். போட்டோ எடுக்கறவரு, கூடை எங்கம்மான்னாரு. பழைய பொடவை இல்லையான்னாரு. ஜோதிகா பக்கத்துலயே நின்னு எல்லாத்தையும் பாத்துகினு இருந்தா. 

அப்பாலதான் வேற மாரி ஆயிட்டா. பேச்ச மாத்திகினா, தனியா வூடு பாத்துகினா. போன வருசம் அந்த சீட்டு அவளுக்கே வந்துச்சி. எங்க பக்கத்துலேர்ந்து அதுல குந்துன மொத ஆளு அவதான். குந்துனதும் இன்னா பண்ணா தெரியுமா? எங்க எர்ணாவூர் புள்ளைங்கள ஆபீசுல சேத்துகினு வேலை கத்துக்குடுத்தா. யார் வூட்டுக் கஸ்டத்தையும் மேடையில சொல்லக் கூடாதுன்னுட்டா.

என்கிட்ட போன்ல பேசுவா. பேசிகினு இருக்க சொல்லோ ரூமுக்குள்ள யார்னா வந்தா கட் பண்ணிடுவா. அவ தம்பி விமலுக்குத்தான் கோவம். அக்கா பேசுன வீடியோன்னு ஒண்ணு காமிச்சான். பாத்தேன். இனிமே அவகிட்ட இதப்பத்தி கேக்காதடான்னுட்டேன்.

இன்னாமா? உனுக்கும் அவ வாங்கிக் குடுத்த ஒதவிதானா? கோவிந்தம்மா நினைவு உதவித்தொகை. ஆமா, தெரியும். மேடத்தோட செத்துப்போன அம்மா பேரு.

நாந்தாம்மா கோவிந்தம்மா.

அய்ய, கண்ண தொடச்சிக்கோ. அவ இன்னா பண்ணுவா? அம்மா உயிரோட கீறான்னா மறுபடியும் மேடைக்கு இட்டாரச் சொல்வாங்கல்ல. அந்த வீடியோல சொன்னா மாரி, அம்மா செத்துட்டான்னுட்டா கேக்க மாட்டாங்கோ. என்ன பாத்தேன்னு மட்டும் அவகிட்ட சொல்லிடாதே. டோல்கேட்டு ஸ்டாப்பு வந்துடுச்சி, பாத்து எறங்கு.